பொலனறுவைக்கு அரை நாள் காணுமோ?

வணக்கம் அக்கா,

நான் சுன்னாகம். வவுனியா தாண்டினா நேர கொழும்புதான், இடையில ஒரு இடமும் இறங்கிப் பாத்ததில்லை. வாற லீவுக்கு அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வான் பிடிச்சு அனுராதபுரம், சிகிரியா, பொலனறுவை மூண்டையும் ரெண்டு நாளில பாத்திட்டு வருவம் எண்டு யோசினை. பொலனறுவைக்கு அரை நாள் காணும் எண்டு தம்பி சொல்லுறான். அம்மா எண்டா "அங்க சிவன் கோயில் இருக்காம், அதைக் கும்பிட்டாக் காணும், மிச்சம் எங்களுக்கு என்னத்துக்கு" எண்டு நிக்கிறா. அவவுக்கு முழங்கால் நோவும் இருக்கு. ஒருக்கா எழுதுங்கோ.

– ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

முதல்ல மூண்டில ரெண்டை வெட்டுங்கோ. அனுராதபுரம் உங்களுக்குக் கிட்ட, இன்னொரு லீவில விடிய வெளிக்கிட்டுப் போயிட்டு வரலாம். சிகிரியா முழுக்க படி, அம்மாவோட ஏலாது. ரெண்டு நாளையும் பொலனறுவைக்கே குடுத்து ஒரு இரவு அங்க தங்குங்கோ. அரை நாளில போனா வானால இறங்கிறதும் போட்டோ எடுக்கிறதும் திரும்ப ஏறுறதும்தான் மிஞ்சும்.

ஏ9 ரோட்டில மரதன்கடவலையில இடப்பக்கம் திரும்பினா ஹபரணை, அங்கால மின்னேரியா, பிறகு பொலனறுவை. இருட்ட முதல் போய்ச் சேருங்கோ, ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில யானை ரோட்டுக்கு வரும். வெயில் நேரத்தில மியூசியத்துக்குள்ள இருங்கோ. தயவுசெய்து அதை விட்டுடாதேங்கோ, ஏனெண்டா வெளியில நீங்கள் பாக்கப்போறது கூரையில்லாத சுவரும் வெறும் தூணும், அந்தக் கட்டிடங்கள் முழுசா இருக்கேக்க எப்பிடி இருந்திருக்கும் எண்டு மாதிரி செஞ்சு அங்க வைச்சிருக்கினம், அதைப் பாத்திட்டுப் போனா அடுத்த நாள் ஒவ்வொரு சுவரும் தானாக் கதைக்கும். பின்னேரம் பராக்கிரம சமுத்திரக் கட்டில அம்மாவை இருத்தி வையுங்கோ. கடல் எண்டுதான் பேர், முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில பெருப்பிச்சுக் கட்டின குளம், இண்டைக்கும் வயலுக்குத் தண்ணி அதில இருந்துதான் போகுது.

அடுத்த நாள் வெள்ளனப் போங்கோ. தம்பி வாடகைச் சைக்கிள் எடுக்கட்டும், அம்மாவுக்கு வான், ஒவ்வொரு இடத்துக்கும் கிட்ட வரைக்கும் கொண்டுபோய் விடலாம். புத்தரின்ர பல் வைச்சிருந்த கட்டிடங்கள் நிக்கிற முற்றம் தலதா மலுவ, அதில தொடங்குங்கோ. அங்க வட்டதாகே எண்ட வட்டக் கட்டிடத்தின்ர வாசலில, படிக்கு முன்னால கிடக்கிற அரைவட்டச் சிற்பக் கல்லை, சந்திரவட்டக்கல் எண்டுறது, குனிஞ்சு பாருங்கோ. அனுராதபுரத்துக் கல்லில யானை, குதிரை, சிங்கத்தோட காளையும் ஓடும். இங்க காளை இல்லை. சைவ ஆக்கள் கும்பிடுற நந்தியை மிதிபடுற இடத்தில வைக்கக்கூடாதெண்டு எடுத்திட்டினம் எண்டுதான் சொல்லுவினம்.

அம்மா கேட்ட கேள்விக்கு இனி வாறன், அதுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தனான். அவ சொல்லுற கோயில் ரெண்டாம் சிவ தேவாலயம். வானவன் மாதேவி ஈஸ்வரம் எண்டு பேர், சோழ அரசி ஒருத்தியின்ர பேர் அது. முழுக்கக் கருங்கல், சின்னக் கோயில்தான், சுவரில தமிழ்க் கல்வெட்டு, பொலனறுவையில நிக்கிற ஆகப் பழைய கட்டிடங்களில ஒண்டு. 993க்குப் பிறகு சோழர் இந்த நகரத்துக்கு ஜனநாதமங்கலம் எண்டு பேர் வைச்சுத் தலைநகராக்கினவை, 1070இல முதலாம் விஜயபாகு அவையளைத் துரத்தினவன். இது வரைக்கும் பள்ளிக்கூடத்திலயும் படிச்சிருப்பியள். ஆனா அதே விஜயபாகு புத்தரின்ர பல்லை வைக்கக் கட்டின அட்டதாகேக்குப் பக்கத்தில ஒரு பெரிய கல் நிக்குது பாருங்கோ, அதில இருக்கிறதும் தமிழ். அந்தத் தலதா மாளிகையைக் காவல் காக்கிறம், உயிர் போனாலும் காக்கிறம் எண்டு வேளைக்காரர் எண்ட தமிழ்க் கூலிப்படை எழுதி வைச்சது. சோழனைத் துரத்தின ராசாவின்ர புனித இடத்துக்குத் தமிழ்ப் படை காவல். இதை வாசிச்சிட்டு எது எங்கட, எது அவையின்ர எண்டு கோடு கீறிப் பிரிக்க என்னால ஏலாது, பிரிக்கவும் கூடாது எண்டுதான் நினைக்கிறன். கோயிலைக் கும்பிட்டிட்டு அந்தக் கல்லுக்கு முன்னாலயும் அம்மாவைக் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்கோ.

அங்கால லங்காதிலக எண்ட பெரிய செங்கல் புத்த விகாரையை நிண்டு பாத்திட்டுக் கல் விகாரைக்குப் போங்கோ. ஒரே பாறையில குடைஞ்ச நாலு சிலை. படுத்திருக்கிற புத்தர் 14 மீற்றர் அளவு நீளம், எல்லாரும் நீளத்தைப் பாத்திட்டுப் போயிடுவினம், நீங்கள் தலையணையைப் பாருங்கோ. தலை பதிஞ்ச இடத்தில மெத்தை அமுங்கின மாதிரிக் கல் அமுங்கியிருக்கும். காலையும் பாருங்கோ, மேல்கால் கொஞ்சம் பின்னுக்கு இழுபட்டிருக்கும், சும்மா நித்திரை கொள்ளேல்லை, பரிநிர்வாணம், அதாவது புத்தர் உயிர் பிரிஞ்ச நிலை எண்டு காட்டத்தான் அப்பிடி. பேர் தெரியாத சிற்பி ஒருத்தன் கல்லில இதை நினைச்சுச் செதுக்கியிருக்கிறான், எனக்கு அதைப் பாக்கேக்க வேற ஒண்டும் தோணாது.

தோளும் முழங்காலும் மூடின உடுப்புப் போடுங்கோ. செருப்பும் தொப்பியும் கழட்ட வேணும், பத்து மணிக்குப் பிறகு கல் நெருப்பாச் சுடும், அம்மாவுக்கு ரெண்டு சோடி சொக்ஸ் கட்டாயம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிண்டு செல்பி எடுக்காதேங்கோ, தம்பிக்கு முதலே சொல்லி வையுங்கோ. சாப்பாட்டுக்குப் பக்கத்து ரவுண் கதுறுவெலப் பக்கம் போங்கோ, முஸ்லிம் கடையள் இருக்கு, தமிழில கதைச்சு வாங்கலாம்.

கார்த்திகை, மார்கழியில மழை, அந்த லீவெண்டா தள்ளிப் போடுங்கோ. ஆவணி, புரட்டாதிப் பக்கமெண்டா மின்னேரியாக் குளத்தில கூட்டம் கூட்டமா யானை நிக்கும், அதையும் சேர்த்துப் பாக்கலாம். வான் காசு கூடவெண்டா கண்டி பஸ்ஸில தம்புள்ள வரைக்கும் போய் அங்க மாறலாம், ஆனா அம்மாவின்ர முழங்காலுக்கு வானே நல்லது. முதல் நாள் விடிய அஞ்சு மணிக்கு முன்னம் சுன்னாகத்தால வெளிக்கிடுங்கோ.