ஹார்னர் சின்ட்ரோம் எதனால் வருகிறது?

ஒரு கண்ணின் இமை சற்று இறங்கி, அதே கண்ணின் பாவையும் சிறுத்துவிட்டது என்றும், மருத்துவர் ஹார்னர் சின்ட்ரோம் என்று எழுதிக் கொடுத்தார் என்றும், இந்த நோய் எதனால் வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே பெயரை என் மருத்துவச் சீட்டிலும் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், அது நோயின் பெயரே அன்று. 1869இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் யோஹான் ஃபிரீட்ரிக் ஹார்னர் விவரித்த ஓர் அறிகுறித் தொகுப்பு அது. கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பு (பாவையை விரிக்கவும் இமையைத் தூக்கவும் முகம் வியர்க்கவும் உதவும் நரம்பு) எங்கோ பழுதுபட்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. அந்த நரம்புப் பாதை மூளையின் ஹைப்போதலாமஸில் தொடங்கி, மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்தில் இறங்கி, மேல்மார்பருகே வெளிவந்து, நுரையீரலின் உச்சியைக் கடந்து மீண்டும் மேலேறி, மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும், கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியின் சுவரைப் பற்றிக்கொண்டு கண்ணை அடைகிறது. இவ்வளவு நீண்ட பாதையில் எந்த இடத்தில் அடிபட்டாலும் கண்ணில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே, "எந்த இடத்தில் பழுது?" என்பதே உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

எனக்கு அது கழுத்தில் இருந்தது. வீட்டு மேற்கூரைக்கு வண்ணம் பூசுவதற்காக ஒரு நாள் முழுவதும் தலையை அண்ணாந்தே வைத்திருந்தேன். மறுநாள் முதல் இடது தாடைக்குக் கீழே ஒரு வலி; அது மெல்லக் கண்ணுக்கு மேல்வரை பரவியது. மூன்றாம் நாள் காலையில் சவரம் செய்யும்போதுதான் இடது இமை ஒரு நூல் அளவு இறங்கியிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். முதலில் பார்த்த மருத்துவர், பளிச்சென்ற வெளிச்சத்தில் என் கண்களைப் பார்த்துவிட்டு, தூக்கக் குறைவு என்று சொட்டு மருந்து எழுதினார். அன்றிரவு என் மனைவி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, வலது பாவை அகலமாக விரிந்திருந்தது. இடது பாவை மிளகு அளவிலேயே நின்றது. வெளிச்சத்தில் இந்த வேறுபாடு குறைந்துவிடும், இருட்டில்தான் துலங்கும். அந்த ஒரு விளக்கை அணைத்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும் என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

இரண்டாவது மருத்துவர் என் அடையாள அட்டைப் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் இரு இமைகளும் சமமாக இருந்தன. ஆகவே இது புதிது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அன்றே கழுத்தின் ரத்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவருக்குள் ரத்தம் புகுந்து வீங்கி, அதன்மேல் படர்ந்திருந்த நரம்பை நெருக்கியிருந்தது. அங்கே உறையும் ரத்தம் மூளைக்குச் சென்றால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்கப் பல மாதங்கள் மருந்து உட்கொண்டேன். தமனி ஆறிவிட்டது, இமை மட்டும் இன்னும் முழுதாக ஏறவில்லை. வண்ணம் பூசியதுதான் காரணம் என்று அவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. முகத்தின் பெரும்பகுதிக்கான வியர்வை நரம்புகள் அந்த இடத்திற்கு முன்பே பிரிந்துவிடுவதால், எனக்கு வியர்வையில் மாற்றம் ஏதும் தெரியவில்லை.

பிற காரணங்களும் உண்டு. மூளைத்தண்டுப் பக்கவாதம் என்றால் தலைசுற்றலும் விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் கூடவே வரலாம். நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுக்கட்டி என்றால் தோளிலும் கையிலும் வலி இருக்கக்கூடும். தண்டுவட நோய்கள், கழுத்திலோ மார்பிலோ செய்த அறுவை சிகிச்சை, கொத்துத் தலைவலி (ஒரு கண்ணைச் சுற்றிக் கடுமையாக வரும் தலைவலி) ஆகியவையும் இதைக் கொண்டுவரும். குழந்தைகளிடம் பிரசவத்தின்போது தோள்பட்டை நரம்புகள் இழுபட்டதும் காரணமாகலாம். அவர்களிடம் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுக்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேடியும் காரணம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லலாம்; நான் சொல்வது தேடிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறவினர்கள் இதை முகவாதம் என்று முடிவுகட்டி என் கழுத்தை உருவிவிட முனைந்தார்கள். முகவாதத்தில் கண்ணை மூட முடியாது, வாய் கோணும். இதில் கண் நன்றாக மூடும், வாயில் எந்த மாற்றமும் இராது. கிழிந்த தமனி உள்ள கழுத்தை உருவுவதும் திருகுவதும் ஆபத்து என்று மருத்துவர் கடுமையாகவே எச்சரித்தார்.

உங்கள் கேள்வியில் வலியைப் பற்றி எதுவும் இல்லை. உங்கள் பழைய படங்களிலும் இமை இதேபோல் இறங்கியிருந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் நிதானமாகச் செல்லலாம். இது சில நாட்களுக்குள் வந்தது, கழுத்திலோ முகத்திலோ தலையிலோ வலியும் இருக்கிறது என்றால், முன்பதிவுக்குக் காத்திராமல் இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.