கொத்துத் தட்டில் நான்

கேள்வி: வயது 46. இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல். யானைக் காவல் முடிந்து இரவு 11 மணிக்கு வரும் வழியில் கோழிக் கொத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுவேன். போன கிழமை ஒரு கனவு. காட்டுப் பன்றிகள் கொத்துக்கடை நடத்துகின்றன, தட்டில் கிடப்பது நான். காசு வாங்கும் மேசையில் இருந்த யானை, "முட்டையும் அடிக்கவோ?" என்று கேட்கிறது. "உறைப்பைக் குறையுங்கோ!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். நெஞ்செரிவு, வாயில் புளித்தண்ணி. மனைவி இன்னும் சிரிக்கிறா. அம்மாவோ பேய் அமுக்கினது, நூல் கட்டு என்கிறா.

பதில்: மன்னியுங்கள், நானும் சிரித்துவிட்டேன்.

இந்தக் கனவைக் கொத்துரொட்டி உண்டாக்கியது என்று சொல்லமாட்டேன். உங்களை இடையில் எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். நித்திரை சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடும் ஒரு கட்டம் வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். எல்லோருக்கும் வருகிறது; நடுவில் விழிக்காதவர் காலையில் மறந்துவிடுகிறார். எண்ணெயில் புரட்டிய ரொட்டியும் இறைச்சியும் இரைப்பையை விட்டு இறங்கப் பல மணி நேரம் எடுக்கும். அதற்குள் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும், எரியும், விழிப்பு வரும். பன்றி, யானை, தகட்டின் டக டக சத்தம் எல்லாம் உங்களுடைய அன்றாடச் சாமான்கள்தானே!

பேய் அமுக்குவது என்று ஊரில் சொல்வது வேறு. அதில் அறிவு விழித்திருக்கும், உடம்பு அசையாது, குரலும் எழாது. நீங்கள் உறைப்பைப் பற்றியே கத்தியிருக்கிறீர்கள். அம்மாவின் மனத்துக்காக நூலைக் கட்டுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றுங்கள். காவல் கொட்டிலுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய் 8 மணிக்கே முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் குறைந்தது 3 மணி நேரம் வேண்டும். 11 மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். கொத்து வேண்டுமென்றால் மத்தியானம் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் கூடும். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும்.

பிரஷருக்கோ பதற்றத்துக்கோ புரோப்ரனோலோல் குளிசை எடுப்பவர்களுக்கும் பயங்கரக் கனவுகள் வரலாம். எடுக்கிறீர்களென்றால் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் சிரிக்க முடியாத கனவுகளும் உண்டு. 2009இல் கண்டதையே இரவில் திரும்பத் திரும்பக் கண்டு வியர்த்து எழும்புகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். அதைச் செங்கல்லாலோ வாழைப்பழத்தாலோ மாற்ற முடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படியென்றால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இரண்டு கிழமை இப்படிச் செய்தும் எரிவு நிற்காவிட்டால் வந்து காட்டுங்கள். விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், காரணமில்லாத மெலிவு இருந்தால் அவ்வளவு நாள் பார்க்க வேண்டாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.