ஈசிஜி நார்மல், எக்கோவில் தடிப்பு: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 51, உயரம் 165 செ.மீ., எடை 96 கிலோ. எட்டு வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். ஈசிஜி நார்மல். எக்கோவில் (இதய ஸ்கேன்) இடது கீழறைச் சுவர் 13 மி.மீ., தசை எடை 225 கிராம், ஆனால் 'இன்டெக்ஸ் 107, நார்மல்' என்று இருக்கிறது. 52 கிலோ எடையுள்ள என் 19 வயது மகனுக்கோ ஈசிஜி மெஷினே 'எல்விஎச்' (இடது கீழறைத் தடிப்பு) என்று அச்சடித்துத் தந்துவிட்டது, எக்கோவில் ஒன்றுமில்லை. எந்த மெஷின் கோளாறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மெஷின்கள் மேல் தப்பில்லை. ஈசிஜி இதயத்தை நேரில் பார்ப்பதில்லை. தோல்வரை வந்துசேரும் மின்சாரத்தைத்தான் அளக்கிறது. தசை தடித்தால் கோடு உயரும் என்பது கணக்கு. 1949இல் சோகோலோ, லயான் என்ற மருத்துவர்கள் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: வி1இல் கீழே இறங்கும் கோட்டையும், வி5 அல்லது வி6இல் மேலே ஏறும் கோட்டையும் கூட்டினால் 35 சின்னக் கட்டமாவது வந்தால்தான் தடிப்பு (வி1 முதல் வி6 வரை என்பவை நெஞ்சில் ஒட்டும் வில்லைகளின் பெயர்). உங்கள் இதயத்துக்கும் நெஞ்சில் ஒட்டும் வில்லைக்கும் நடுவே கொழுப்பு இருக்கிறது. தலையணைக்கு அடியில் அடிக்கும் செல்போன் மாதிரி, சத்தம் அமுங்கிவிடுகிறது. மகனுக்கு மெலிந்த நெஞ்சு. கோடு தானாகவே எகிறும். அந்த வயதில் சகஜம்தான்.

கார்னெல் விதி என்று இன்னொன்று உண்டு; ஏவிஎல் என்ற கை-கால் வில்லைக் கோட்டையும் வி3 கோட்டையும் கூட்டுவது. பருமனானவர்களிடம் அது கொஞ்சம் தேவலை. ஆனால் தொப்பை மேலே தள்ளி இதயம் படுத்தவாக்கில் இருந்தால், இல்லாத தடிப்பையும் காட்டிவிடும்.

சரி, அந்த 107? அங்கேதான் வில்லங்கம். 225 கிராமை உங்கள் உடல் பரப்பான 2.1 சதுர மீட்டரால் வகுத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு வரம்பு 115. எடை கூடக் கூடப் பரப்பும் கூடும், விடை சின்னதாகிவிடும். எடையை விட்டுவிட்டு, மீட்டரில் உயரத்தை 2.7 அடுக்காக்கி வகுத்துப் பார்த்தேன்: 58. ஆண்களுக்கு 48ஐத் தாண்டக் கூடாது. சுவரும் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டியது. ஆகவே உங்கள் தடிப்பு நிஜம்தான்.

பதற வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பிபி பார்த்து எழுதி, இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பிபி கட்டுக்குள் வந்தால் தடிப்பு குறையவும் செய்யும். மகனுக்கு மயக்கம், ஓடும்போது நெஞ்சுவலி இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ அவனையும் கூட்டிப் போங்கள். அப்புறம், இருவரின் ஈசிஜி தாளையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் கோடு நாளடைவில் மங்கிவிடும்.