கரப்பானுக்குத் தூள் இரை, எறும்புக்குச் சர்க்கரைப் பாகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் மகன் வீட்டுச் சமையலறைச் சந்துகளில் ஏதோ பவுடரை ரப்பர் பந்தால் ஊதிவிட்டுப் போனார்கள். ஒரே மாசத்தில் கரப்பான் ஒழிந்தது. நம் ஊரில் மூலைக்கு மூலை வெள்ளையாகக் கொட்டி வைப்பதுபோல் எதுவும் கண்ணில் படவில்லை. அது என்ன மருந்துங்க? இங்கேயும் அப்படிச் செய்ய முடியுமா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தூள் இரையாக இருக்கும். கரப்பான் விரும்பித் தின்னும் மாவும் இனிப்பும்தான் அதில் பெரும்பகுதி. விஷம் மிகக் கொஞ்சம். அங்கே விற்கும் ஒரு வகையில் அபாமெக்டின் 0.05 சதவீதம், அதாவது 100 கிராம் தூளில் அரை கிராமில் பத்தில் ஒரு பங்கு. கட்டிப்படாமல் உதிரியாக, டால்கம் பவுடர் மாதிரி ஓடும் என்பதால் கை நுழையாத இடுக்கிலும் போய்ப் படியும். மேலே பட்டால் சாகடிக்கும் பவுடர் வேறு, இது வேறு. இதைக் கரப்பான் தின்றால்தான் வேலை நடக்கும். உடனே சாகாது. பொந்துக்குத் திரும்பிப் போய், எச்சமிட்டு, அதற்குப் பிறகு சாகும். அந்தக் கழிவையும் செத்ததையும் குஞ்சுகள் தின்னும். வெளியே வராத குஞ்சுக்கும் மருந்து போய்ச் சேரும் வழி இது.

இங்கே கடையில் எளிதாகக் கிடைப்பது ஊசிக்குழலில் வரும் ஜெல். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் என்று உறையில் போட்டிருக்கும். தூள் வேண்டுமென்றால் போரிக் பவுடரை வைத்து வீட்டிலேயே செய்யலாம். கேரம் போர்டுக்கு வாங்குவோமே, அதேதான். ஆனால் கேரம் பவுடர் என்ற பெயரில் வேறு சில தூள்களும் விற்கிறார்கள். உறையில் போரிக் ஆசிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

போரிக் பவுடர் 50 கிராம், மிக்ஸியில் நைசாகப் பொடித்த சர்க்கரை 50 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம். மாவை வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்ட பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் சர்க்கரை நீர்விட்டு மறுநாளே கட்டியாகிவிடும். கலந்ததை இரண்டு முறை சலியுங்கள். அந்தச் சல்லடை இனி சமையலுக்கு வேண்டாம். பார்ப்பதற்கு மைதா போலவே இருக்கும், ஆபத்தும் அதில்தான். ஒரு சிட்டிகை பச்சை ஃபுட் கலர் சேர்த்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, ‘விஷம்’ என்று எழுதி ஒட்டி, அட்டாலியில் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மளிகை டப்பாக்களுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல், பினாயில், கொசு மருந்து பக்கத்திலும் வேண்டாம். அந்த வாடையை இழுத்துக்கொண்டால் கரப்பான் முகர்ந்தும் பார்க்காது.

வெங்காயம், பால் சேர்த்து உருண்டை பிடிக்கும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் உருண்டை ஈரமாக இருக்கும் வரைக்கும்தான். நாலு நாளில் கல்லாகிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இனி ஊதும் விதம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முனை நீண்ட, அமுக்கி ஊதும் ரப்பர் பந்து ஒன்று வாங்கிப் பாதி மட்டும் நிரப்புங்கள். மீதிப் பாதியில் காற்று இருந்தால்தான் தூள் புகையாகக் கிளம்பும். உள்ளே நாலைந்து சின்னக் கூழாங்கல் போட்டால் குலுக்கும்போது கட்டி உடையும். முனையை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, இடுக்கில் நுழைத்து, மெல்ல ஒரு அமுக்கு. சுவரில் படிந்தது தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், பல நாள் துடைக்காத அலமாரி மேல் படிந்த தூசி அளவு. குவியல் விழுந்தால் கரப்பான் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நாம் மணல் மேட்டைச் சுற்றி நடக்கிற மாதிரிதான்.

ஊத வேண்டிய இடங்கள்: கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே, அலமாரியின் பின்பலகை இடுக்கு, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, அலமாரிக் கதவின் கீல் ஓரம். ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடுக்கு குஞ்சுகளுக்குத் தாராளம். சுவிட்ச் பெட்டிக்குள் ஊதுவதானால் மெயினை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் முனையால் மட்டும் ஊதுங்கள். மேடை மேல், பாத்திரம் கவிழ்க்கும் இடம், தரை, இங்கெல்லாம் தூள் கூடாது. ஃபேனை நிறுத்தி, மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஜன்னலைச் சாத்தாமல் ஊதினால் பாதி மருந்து கூடத்துக்கு வந்துவிடும்.

ஜெல்லும் வைத்தாச்சு, போரிக் பவுடரும் போட்டாச்சு. பத்து நாளாகியும் குறையவில்லை. ராத்திரி லைட்டைப் போட்டால் கிரைண்டர் பக்கத்திலிருந்து ஓடுகிறது. நடுவில் ஒருநாள் ஸ்பிரேயும் அடித்தோம்.
— வாசகர், சிங்காநல்லூர்

அந்த ஸ்பிரேதான் காரியத்தைக் கெடுத்தது. ஸ்பிரேயும் எறும்பு சாக்பீஸும் பூச்சியை விரட்டும் வகை. இரை வைத்த இடத்தில் அடித்தால் இரையிலும் அந்த வாடை ஏறும், கரப்பானும் இடம் மாறும். சோறு போட்டுவிட்டுக் கம்பால் அடித்து விரட்டினால் யார் சாப்பிட வருவார்கள்? அடித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, புது இரை வையுங்கள்.

அடுத்து கிரைண்டர். வெட் கிரைண்டரின் அடிப்பாகம் சமையலறையில் வாழும் சின்ன ரகக் கரப்பானுக்குச் சொர்க்கம்: மோட்டார் சூடு, வழிந்து காய்ந்த மாவு, கல் கழுவிய ஈரம் எல்லாம் ஒரே இடத்தில். பிளக்கைப் பிடுங்கி, கிரைண்டரைச் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். காலுக்கு உள்பக்கம் மிளகுத்தூள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அதன் எச்சம். பழுப்பில் சின்னப் பர்ஸ் போல வரிவரியாக இருப்பவை முட்டைக் கூடுகள். காய்ந்த மாவைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், கூடுகளைச் சுரண்டி நசுக்குங்கள். இங்கே தூள் ஊதாதீர்கள். பெல்ட்டில் பட்டால் வழுக்கும், மோட்டார் காற்று அதை மாவுக்கே கொண்டுவந்து சேர்க்கும். உள்சட்டத்தின் காய்ந்த மூலைகளில் மிளகு அளவில் ஆறேழு ஜெல் புள்ளிகள் போதும். மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜின் பின்புறத்துக்கும் இதே முறைதான்.

ஒரே இடத்தில் விரல் நீளத்துக்கு ஜெல்லைப் பிதுக்குவது வீண். பத்துக்குப் பத்து சமையலறையில் தொல்லை அதிகமென்றால் 30, 40 சின்னப் புள்ளிகளாகப் பிரித்து வையுங்கள். கரப்பான் பொந்தை விட்டு வெகுதூரம் போய்த் தேடாது. ராத்திரி படுக்கும் முன் சிங்க்கைத் துடைத்து, எச்சில் போசிகளைக் கழுவிக் கவிழ்த்து, குப்பையை வெளியே வையுங்கள். சாம்பார் வழிந்த அடுப்பும் இரையும் ஒரே அறையில் இருந்தால் ஜெயிப்பது சாம்பார்தான்.

பத்து நாள் போதாது என்பதும் உண்மை. போரிக் மெதுவாக வேலை செய்யும். சின்னக் கரப்பானின் ஒரு கூட்டில் 30, 40 முட்டை இருக்கும். பெண் அதைப் பொரிக்கும் தறுவாய் வரை, ஏறக்குறைய நாலு வாரம், வயிற்று நுனியிலேயே சுமக்கும். அந்தச் சமயத்தில் அது அதிகம் தின்பதுமில்லை. ஆகவே மூன்று, நாலு வாரம் கழித்து இரண்டாம் முறை இரை வைப்பது கட்டாயம். முதல் வாரத்தில் பகலிலேயே ஒன்றிரண்டு தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தால் பதறாதீர்கள், மருந்து பிடித்திருக்கிறது.

பாத்ரூமில் வருவது பெரிய கரப்பான். அதற்கும் இதே தூளா?
— வாசகி, காங்கேயம்

இல்லை. கழுத்துப் பட்டையில் இரண்டு கருங்கோடுகளோடு புளியங்கொட்டை அளவில் இருப்பது சமையலறைக் கரப்பான். உங்களுடையது நாலு சென்டிமீட்டர் செம்பழுப்புக் கரப்பான், சாக்கடையில் வாழ்வது. ஈரத்தில் தூள் களியாகிப் பூஞ்சணம் பிடிக்கும். தரைக்குழிக்கு நெருக்கமான ஜாலி போடுங்கள். பொடக்காளிப் பக்கம் சேம்பர் மூடியின் உடைந்த ஓரத்தைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். சேம்பரின் உள்சுவரில் தண்ணீர் படாத மேல் விளிம்பில் நாலைந்து ஜெல் புள்ளிகள் போதும். புழங்காத பாத்ரூமில் வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். குழாய் வளைவில் தண்ணீர் வற்றினால் அதுதான் அவற்றுக்கு வாசல்.

நாட்டுச் சர்க்கரை டப்பாவில் தினமும் எறும்பு. கரப்பானுக்கு வைத்த தூளைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாக்பீஸ் கோடு போட்டால் அடுத்த சுவரில் புது வரிசை கிளம்புகிறது.
— வாசகர், பொள்ளாச்சி

முதலில் அவற்றுக்கு என்ன ஆசை என்று கேளுங்கள். ஒரு அட்டையில் மூன்று இடத்தில் வையுங்கள்: ஒரு சொட்டு சர்க்கரைப் பாகு, ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவல், கொஞ்சம் கருவாட்டுத் தூள். அரைமணி கழித்து எதில் கூட்டம் மொய்க்கிறதோ அதிலேயே மருந்து கலக்க வேண்டும். கூட்டில் எறும்பின் குஞ்சுப் புழுக்கள் அதிகமான சமயத்தில் இனிப்பை விட்டுப் புரதத்துக்கு மாறுவதும் உண்டு.

இனிப்பென்றால்: வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 20 கிராம், போரிக் பவுடர் 1 கிராம். கலங்கல் இல்லாமல் கரைய வேண்டும். ஒரு கிராம் குறைவாகத் தெரிகிறதே என்று ஒரு ஸ்பூன் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வேலைக்காரி எறும்பு வழியிலேயே செத்தால் கூட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. வயிறு நிறையக் குடித்து, கூட்டுக்குப் போய், ராணிக்கும் புழுவுக்கும் ஊட்டும் வரை அது உயிரோடு இருக்க வேண்டும். பஞ்சைக் கரைசலில் நனைத்து பாட்டில் மூடியில் வைத்து வரிசைக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், புளித்துப் போனால் தொடாது. முதல் நாள் கூட்டம் பத்து மடங்காகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையைத் துடைக்காதீர்கள், மஞ்சள்தூள் போடாதீர்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் மெலிந்து நின்றுவிடும். சர்க்கரை டப்பாவை அதுவரை தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளாக, ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும் எறும்பென்றால் மருந்து அடிப்பது பெரிய தவறு. மிரண்டால் ஒரு கூடு பிரிந்து நாலு கூடாகும். உங்கள் ‘புது வரிசை’க்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். வெறும் பிள்ளையார் எறும்பாக, வாசல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்கு வாங்கிய ஃபிப்ரோனில், எமாமெக்டின் மிச்சம் இருக்கிறது. சர்க்கரையில் கலந்து வீட்டுக்கு வைக்கலாமா?
— விவசாயி, அந்தியூர்

வேண்டாம். அவை பயிருக்கென்று தயாரானவை. வீட்டு ஜெல்லை விடப் பல மடங்கு செறிவு. சொட்டு அளவில் கலந்தால்கூடச் சரியான விகிதம் வராது. வாடைக்கே கரப்பான் ஒதுங்கும், ஒதுங்காத குழந்தை கை வைக்கும்.

கோழிப்பண்ணைத் தீவனக் கொட்டகையில் கரப்பான் பெருகிவிட்டது. வீட்டில் நாட்டுக்கோழியும் மேய்கிறது. செத்த கரப்பானைக் கோழி தின்றால் கேடா?
— வாசகர், மோகனூர்

முட்டைக் கோழி இருக்கும் இடத்தில் ஃபிப்ரோனில் எந்த வடிவிலும் வேண்டாம். கோழியின் கொழுப்பில் தங்கி முட்டையில் இறங்கும். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிச் சிற்றுண்ணி ஒழிக்கத் தெளித்த மருந்தில் இது கலந்திருந்ததால் ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். தீவன மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். சிந்திய மக்காச்சோளத்தைத் தினமும் கூட்டுங்கள். கோழி அலகு எட்டாத சுவர் வெடிப்புக்குள் மட்டும் போரிக் தூள் ஊதி, வெடிப்பின் வாயைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுங்கள். வீட்டுக்குள் ஜெல் வைத்திருந்தால் காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் செத்த கரப்பானையெல்லாம் சீமாற்றால் கூட்டிக் குழியில் புதையுங்கள்.