பில்டர் காபிச் சக்கையும் ரோஜாத் தொட்டியும்

கேள்வி: எங்கள் வீட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் பில்டர் காபிதான். டிகாஷன் இறக்கிய தூளை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஆறு மாதமாக மாடியில் ரோஜாத் தொட்டியிலேயே கொட்டி வருகிறேன். ரோஜாவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும், காபியும் புளிப்பு என்றார்கள். இப்போது இலை வெளுத்துவிட்டது, ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நிற்கிறது. கீரைத் தொட்டியிலும் தூவினேன், பாதி விதைகூட முளைக்கவில்லை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் புளிப்புக் கதையை விடுங்கள். காபியின் புளிப்பில் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கி உங்கள் டம்ளருக்கு வந்துவிடுகிறது, அதனால் பில்டரில் மிஞ்சும் சக்கையை நம்பி மண்ணைப் புளிப்பாக்க முடியாது.

தண்ணீர் நிற்பதற்குக் காரணம் சுலபம். பில்டர் தூள் ரொம்ப நைஸ், தினமும் ஒரே இடத்தில் விழுந்து மாடி வெயிலில் காய்ந்தால் அடை மாதிரி இறுகிவிடும்.

இலை வெளுத்ததுதான் கொஞ்சம் விசித்திரமான விஷயம். சக்கையில் சுமார் 2 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, ஆனால் செடி அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நுண்ணுயிர்கள் அதை மக்க வைத்துத் தரவேண்டும், அந்த வேலைக்கு அவற்றுக்கே தழைச்சத்து வேண்டியிருப்பதால் மண்ணில் ஏற்கெனவே இருப்பதையும் எடுத்துக்கொள்கின்றன, தொட்டியில் இருப்பதே கொஞ்சம் மண் என்பதால் செடி பட்டினி கிடக்கிறது. உரம் போட்டதாக நீங்கள் நினைத்த ஆறு மாதமும் செடிக்கு விரதம்!

கீரை முளைக்காததற்கு மிச்சமிருக்கும் கஃபீன் மேல்தான் எனக்குச் சந்தேகம், அது விதை முளைப்பதையும் இளநாற்றின் வேரையும் அடக்கும். நானும் ஒருமுறை முளைக்கீரை விதைத்த தொட்டியில் தாராளமாகத் தூவிவிட்டு விதைக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மேலே இறுகிய பத்தையைச் சுரண்டி எடுங்கள், வேரில் படாமல் மேல் மண்ணைக் கொத்திவிட்டு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். எடுத்ததைத் தூக்கிப்போட வேண்டாம், ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியில் காய்ந்த இலை, காய்கறித் தோல், கொஞ்சம் தென்னை நார்க்கழிவோடு கலந்து மூடி வையுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காபி வேண்டாம். தினம் 50 கிராம் தூள் போடுகிற வீட்டில் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சக்கை சேர்ந்துவிடும், ஆகவே காய்ந்த இலைக்குப் பக்கத்துத் தெரு வேப்பமரத்தடிக்கும் போக வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் காபி வாசனை போய் மண்வாசனை வரும், அப்புறம் ரோஜாவுக்குத் தாராளமாகப் போடலாம். விதைத் தொட்டிக்கு மட்டும் நன்றாக மக்கியதைச் சலித்துப் போடுங்கள்.

சிக்கரி கலந்த தூளானாலும் இதே கணக்குத்தான். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த டீத்தூள் என்றால் நன்றாக அலசிவிட்டு வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு மாடிப்படி ஏறி வந்துவிடும்.