கதம்பைக் குழியில் கரண்ட் உண்டா?

கேள்வி: சேற்றுக் கிருமி மின்சாரம் தரும் என்கிறான் காலேஜில் படிக்கும் என் மகன். எங்கள் ஊரில் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் குழியில் அது இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– வாசகி, மணக்குடி

பதில்: இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்கே பிழைக்கும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள், தின்றதில் கிடைக்கும் எலக்ட்ரானை இரும்புத் துருவின்மேல் தள்ளிவிடும். துருவுக்குப் பதில் மின்முனையை வைத்தால் எலக்ட்ரானை அதில் தள்ளிவிடும்; அதுதான் கம்பியில் ஓடுகிறது. கிருமி மின்சாரம் தரும் என்பது இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாட்டர் 1911-லேயே காட்டிய சங்கதி.

கஷ்டம், நல்ல ரகத்தைத் தேடுவதில்தான். ஒவ்வொன்றையும் பெரிய கலத்தில் (கிருமியை வைத்து மின்சாரம் எடுக்கும் பெட்டி) சோதித்தால் ஆயுசு போதாது. 2009-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் ஒரே தட்டில் 24 குட்டிக் கலங்கள் செய்தார்கள். கலத்துக்கொரு பாக்டீரியா, அடியில் தங்க மின்முனை, நடுவே சவ்வு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்தடை. வோல்டேஜைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டால் கெட்டிக்காரன் தெரிந்துவிடுவான். அப்படிச் சிக்கிய, ஷிவனெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு ரகம், ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஷிவனெல்லாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் தந்தது.

வீட்டு பல்பை எரிக்கலாம் என்று மகன் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கலம் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. சரி, ஆசைக்குச் செய்து பார்க்கட்டும்: ஒரு கரிக்குச்சி சேற்றுக்குள், இன்னொன்று மேல்தண்ணீரில், நடுவில் மல்ட்டிமீட்டர். முதல் நாளே அளவு ஏறாது. சில நாள் விட வேண்டும். வாளியை மட்டும் அடுக்களைப் பக்கம் வைக்க விடாதீர்கள்.