‘ஹைட் பத்தாது’ என்று உட்கார வைக்கிறார்களா? கூடைப்பந்து: கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உயரத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

என் மகனுக்கு 14 வயது, 156 செ.மீ. பேஸ்கட்பால் ஆடினால் வளருவான் என்று சொன்னதால் சேர்த்துவிட்டோம். தினமும் பாரில் தொங்கவும் வைக்கிறோம். பெரிதாக மாற்றம் இல்லை. ஹைட் கூட மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?
– ஒரு தாய், அம்பத்தூர்

கூடைப்பந்து ஆடி யாரும் உயரமாவதில்லை. உயரமான பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இந்த ஆட்டத்தில் சேர்க்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு ஆடியதால் வளர்ந்ததுபோல் தோன்றுகிறது. பாரில் தொங்கினால் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் கொஞ்ச நேரத்துக்கு விரியும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். தோளுக்கும் கைப்பிடிக்கும் நல்ல பயிற்சி என்பதால் நிறுத்த வேண்டாம்.

உயரத்தில் பெரும்பங்கு உங்களிடமிருந்தும் அவன் அப்பாவிடமிருந்தும் வந்தது. மீதி சாப்பாடும் தூக்கமும். காலை ஐந்தரைக்கு எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு மேல் கைபேசி கையில் இருக்கக் கூடாது. முட்டை, பால், பருப்பு, சுண்டல் போதும். விளம்பரத்தில் வரும் பவுடரும் மாத்திரையும் காசுக்குக் கேடு. வருடத்துக்கு 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் போய் வளர்ச்சி அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

14 வயதில் ‘இவன் குட்டை’ என்று எந்தக் கோச்சும் முடிவு கட்டக் கூடாது. இப்போது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் கார்டுக்கான பந்துப் பழக்கம் வரட்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் நட்சத்திரமான அந்தோனி டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடியவர். பள்ளிக் காலத்திலேயே சுமார் 20 செ.மீ. வளர்ந்தார், கைப்பழக்கம் மட்டும் கார்டுடையதாகவே நின்றுவிட்டது. உங்கள் மகன் வளராவிட்டாலும் அந்தப் பழக்கம் வீணாகாது.

160 செ.மீ. உயரத்தில் ஒருவர் என்.பி.ஏ.வில் ஆடினார் என்கிறார்களே, நிஜமா? கூட்டம் சேர்க்க வைத்திருந்தார்களோ?
– ஆர்.எம்., தி.நகர்

கூட்டம் சேர்க்க என்றால் ஒரு சீசன் வைத்துக்கொள்வார்கள், 14 சீசன் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கேட்பவர் மக்ஸி போக்ஸ். அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1987-ல் 12-வது ஆளாக அவரை வாஷிங்டன் எடுத்தது. அதே அணியில் அந்த ஆண்டு 231 செ.மீ. மனுட் போலும் இருந்தார். இருவரையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படங்கள்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். போக்ஸ் ஆடியது 889 ஆட்டம். ஆட்டத்துக்குச் சராசரி 7.6 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்); டர்ன்ஓவரோ (பந்தை எதிரணியிடம் தொலைப்பது) சராசரியில் இரண்டைக்கூடத் தொடவில்லை. அவர் பிழைத்ததற்கான காரணம் இந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது. பந்தைத் தொலைக்காத பாயின்ட் கார்டை வெளியே உட்கார வைக்க எந்தக் கோச்சுக்கும் மனசு வராது.

இன்னும் சிலர்: எர்ல் பாய்கின்ஸ், 165 செ.மீ., டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 1999-ல் உள்ளே வந்து 2012 வரை தாக்குப்பிடித்தார். கால்வின் மர்ஃபி, 175 செ.மீ., 1980–81 சீசனில் 215 ஃப்ரீ த்ரோவில் 206 போட்டவர். தடுக்க யாருமில்லாத ஒரே ஷாட் அதுதான் என்பதைக் குட்டையான ஆட்டக்காரர்கள் மறப்பது விந்தை. ஐசையா தாமஸ், 175 செ.மீ., 2011 டிராஃப்டில் கடைசி ஆள், 60-வது. 2016–17-ல் பாஸ்டனுக்குச் சராசரி 28.9 பாயின்ட். ஜப்பானின் யூகி கவாமுரா, 172 செ.மீ., 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக 29 பாயின்ட் அடித்தார். அதே ஆண்டு மெம்பிஸ் அணியில் இடம் கிடைத்தது.

பட்டியல் நீளமில்லை, அதையும் மறைக்க வேண்டாம். இவர்களில் ஒருவர்கூட ‘ஓரளவு வேகம்’ உள்ளவர் கிடையாது.

நான் 165 செ.மீ., பிளஸ் டூ. கிராஸ் ஓவர் (பந்தைக் கை மாற்றி ஏமாற்றுவது) போட்டு உள்ளே போய்விடுகிறேன். லே-அப் (ரிங்குக்கு அருகில் ஓடிவந்து எழும்பிப் போடுவது) எடுக்கும்போது சென்டர் (ரிங்குக்கு அருகில் நிற்கும் உயரமானவன்) வந்து பிளாக் பண்ணிவிடுகிறான். என்.பி.ஏ. வீடியோ பார்த்து அதேபோல் செய்தாலும் வேலைக்கு ஆகவில்லை.
– தமிழ்ச்செல்வன், பெரம்பூர்

தம்பி, வீடியோவில் பார்ப்பது வேறு விதிப்படி ஆடும் ஆட்டம். என்.பி.ஏ.வில் 2001-லிருந்து டிஃபென்ஸ் பக்கமும் மூன்று செகண்ட் விதி உண்டு. யாரையும் நெருங்கிக் காவல் காக்காமல் சென்டர் ரிங்குக்குக் கீழேயே நின்றுகொண்டிருக்க முடியாது. இங்கே நாம் ஆடுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி. அதில் டிஃபென்ஸுக்கு அந்தத் தடை இல்லை. அவன் கூடாரம் போட்டு உட்காரலாம். எனவே ரிங் வரைக்கும் போய் முடிப்பதைவிட, அவன் வந்து சேருவதற்கு முன்னாலேயே முடிப்பதை நீ பழக வேண்டும்.

முதலில் ஃப்ளோட்டர்: பிளாக்கரின் கைக்கு மேலே உயரமாக வளைத்துப் போடும் ஷாட். ரிங்கிலிருந்து மூன்று மீட்டர் தூரம்தான் இதன் இடம். கடைசிக்கு முந்தைய அடி நீளமாக, கடைசி அடி குட்டையாக, குதிகால் முதலில் தரையில் படும்படி வை. அந்த அடிதான் பிரேக். முன்னால் பாயாமல் நேர் மேலே எழும்பு. ஏறும்போதே, உச்சிக்குப் போகும் முன்பே, பந்தை விட்டுவிட வேண்டும்; அங்கேதான் பிளாக்கர் ஏமாறுவான், அவன் உன் உச்சிக்குக் கணக்குப் போட்டுத்தான் எழும்புவான். மணிக்கட்டை மடக்காமல், விரல்களால் பந்தை மேலே ஏந்திவிடுவதுபோல் விடு. பந்து போர்டின் மேல்விளிம்புக்கு மேலே போய் இறங்கினால் வளைவு சரி.

பந்து ரிங்கைத் தாண்டிப் பின்பக்கம் போய் அடிக்கிறதா? கையில் குறை இல்லை. ஓடிவந்த வேகத்தோடு முன்னால் பாய்ந்திருக்கிறாய். பந்து அந்த வேகத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. எழும்பிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே ஒரு பாத நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நண்பனை ஒரு துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ரிங்குக்கு முன்னால் நிற்கச் சொல். நடு, வலது, இடது மூன்று இடத்திலும் பத்துப் பத்து, பிறகு இடது கையால் அதே முப்பது. இதை வாரத்தில் நாலு நாள் செய். மூன்றாவது வாரத்தில் வலது கை பழகும். இடது கை படுத்தும்.

அடுத்தது ரிவர்ஸ் லே-அப். ரிங்குக்குக் கீழே புகுந்து மறுபக்கம் போய்ப் போட்டால், பிளாக்கரின் கைக்கும் பந்துக்கும் நடுவே ரிங்கும் வலையும் வந்துவிடும். பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கமாக உள்ளே போகும்போது இதைத் தேர்ந்தெடு. போர்டைத் தாண்டிய பிறகு தேடாதே. தாண்டுவதற்கு ஓரடி முன்பே கண் போர்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகளுக்குத் ‘தப்பு’ என்று சொல்லிக் கொடுப்பது: வலது கை லே-அப்புக்கு வலது காலாலேயே எழும்புவது. வழக்கமான தாளத்தைவிடக் கொஞ்சம் முந்தி பந்து கையை விட்டுப் போகும். சென்டர் கால் ஊன்றும்போது உன் வேலை முடிந்திருக்கும்.

பிளாக் செய்ய எழும்ப அவனுக்கு இடம் வேண்டும் என்பதையும் மறக்காதே. குட்டையானவர்கள் பயந்து விலகி விலகிப் போடுவதால்தான் அவனுக்கு அந்த இடம் கிடைக்கிறது. எழும்புவதற்கு முந்தைய அடியில் உன் தோளை அவன் நெஞ்சுக்கு அருகில் கொண்டுபோய், இடைவெளியை மூடி, பிறகு எழும்பு. கையால் தள்ளினால் ஃபவுல் உன்மேல்தான்.

மற்றபடி, சிமென்ட் கோர்ட்டில் இதெல்லாம் பழகும் முன் ஷூ அடியை ஈரத்துணியால் துடை. நம்மூர்க் கோர்ட்டில் படியும் மண்தூளில் அந்தப் பிரேக் அடி வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

காலேஜ் டீமில் பாயின்ட் கார்டு, 168 செ.மீ. முதல் மூன்று குவார்ட்டர் ஆடுகிறேன். நாலாவது குவார்ட்டரில் மேட்ச் டைட்டாக இருந்தால் கோச் என்னை எடுத்துவிட்டு 180 செ.மீ. பையனைப் போடுகிறார். அவனைவிட நான்தான் நன்றாக ஸ்கோர் பண்ணுகிறேன். இது என்ன நியாயம்?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

உங்கள் கோச் பார்ப்பது ஸ்கோரை அல்ல. குட்டையான ஆட்டக்காரர்கள் பென்ச்சுக்குப் போவது பெரும்பாலும் டிஃபென்ஸால்தான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரணி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 195 செ.மீ. ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, நீங்கள் காவல் காக்கும் ஆளுக்கு ஸ்கிரீன் போட (உங்கள் வழியை உடம்பால் மறிக்க) வைக்கிறார்கள். நீங்கள் ஸ்விட்ச் ஆகி, அதாவது காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டு, அந்த உயரமானவனிடம் மாட்டிக்கொள்கிறீர்கள். ஐசையா தாமஸ் 28.9 அடித்த சீசனிலும் எதிரணிகள் அவரைத் தேடித்தான் ஆடின.

ஆகவே முதல் வேலை, ஸ்விட்ச் ஆகாமல் இருப்பது. பின்னாலிருப்பவர் ‘ஸ்கிரீன் லெஃப்ட்’ என்று முன்கூட்டியே கத்த வேண்டும். கத்தாத அணியில் எந்தக் கார்டும் தப்ப முடியாது. சத்தம் கேட்டதும் பந்து வைத்திருப்பவனை ஒட்டி நில்லுங்கள். முன்கால் ஸ்கிரீன் போடுபவனின் பாதத்துக்கு மேலே போகட்டும், இடுப்பு பக்கவாட்டில் திரும்பட்டும். நெஞ்சைக் காட்டிக்கொண்டு போனால் முழு உடம்பும் சிக்கும். உங்கள் சென்டர் ஒரே ஒரு நொடி வெளியே வந்து வழி மறித்துவிட்டுத் திரும்பினால் நீங்கள் உங்கள் ஆளிடம் சேர்ந்துவிடலாம்.

தப்பித் தவறி ஸ்விட்ச் ஆகிவிட்டால், அவனுக்குப் பின்னால் நின்று பிரயோசனமில்லை. பாஸ் வருவதற்கு முன்பே அவனுக்கு முன்னால் வந்து நில்லுங்கள். பந்து உங்கள் தலைக்கு மேல் வளைந்துதான் போக வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து உங்கள் ஆள் ஒருவர் வந்து அதைப் பிடிப்பதற்கு நேரம் கிடைக்கும். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பாஸ் கொடுப்பவனுக்கு அழுத்தம் கொடுக்காமல் விட்டாலும் திட்டம் பாழ். நிதானமாகப் பார்த்து அளந்து போட்டுவிடுவான்.

பந்து அவன் கைக்கு வந்துவிட்டால் எழும்பாதீர்கள். உங்கள் இடுப்பு அவன் தொடையில் இருக்கட்டும். உயரமானவர்களில் பாதிப் பேர் பந்தைப் பிடித்ததும் இடுப்புக்கு இறக்குவார்கள். அது உங்கள் உயரம். கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். மேலிருந்து கீழே அடித்தால், பந்தை மட்டுமே தொட்டிருந்தாலும், விசில் வரும். ரீபவுண்டிலும் (தவறிய ஷாட்டின் பந்தை எடுப்பது) அப்படியே: ஷாட் போனதும் திரும்பி இடுப்பால் அவன் தொடையை முட்டி நிறுத்துங்கள். பந்தை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை, அவன் எடுக்காமல் இருந்தால் போதும்.

சார்ஜ் வாங்குவது, அதாவது பந்தோடு வருபவனைத் தன்மேல் மோத வைத்து அவன்மேல் ஃபவுல் வாங்குவது, குட்டையானவர்களுக்குப் பெரிய ஆயுதம். இரண்டு காலும் தரையில், முகம் அவனை நோக்கி, அவன் எழும்புவதற்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நின்றால் கிடைக்காது. விழும்போது கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும்; தாடையை நெஞ்சோடு ஒட்டி, புட்டம் முதலில் படும்படி உருளுங்கள். இதைப் புல்தரையில் பழகிவிட்டுச் சிமென்ட்டுக்கு வாருங்கள்.

கடைசியாக, முழுக் கோர்ட் பிரஸ்: பந்து வைத்திருப்பவனை அவன் பக்கத்துக் கோர்ட்டிலிருந்தே நெருக்குவது. ஸ்டீல் எடுப்பதற்காக அல்ல. எட்டு செகண்டில் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டிய ஆளை ஏழாவது செகண்ட் வரை வளைய வளைய ஓட விட்டால், ஷாட் போட உள்ள 24 செகண்டில் அவர்களுக்கு மிச்சம் 17. அதற்கு நுரையீரல் வேண்டும். 15 மீட்டர் அகலத்தை 17 முறை, 65 நொடிக்குள் ஓடுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி. நாலு முறை முடிந்தால் கோச்சிடம் போய், ‘கடைசி ஐந்து நிமிடம் அவர்கள் பாயின்ட் கார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் சார்’ என்று கேளுங்கள். ஸ்கோரைச் சொல்லிக் கேட்டால் காதில் வாங்க மாட்டார்.

170 செ.மீ. உயரத்தில் டங்க் (எழும்பிப் பந்தை ரிங்குக்குள் கையாலேயே திணிப்பது) முடியுமா?
– விக்கி, வியாசர்பாடி

ஸ்பட் வெப் 1986-ல் என்.பி.ஏ.வின் டங்க் போட்டியையே ஜெயித்தார், உயரம் உங்களுடையதுதான். கணக்கைப் பாருங்கள்: கையைத் தூக்கி நின்றால் உங்களுக்குச் சுமார் 220 செ.மீ. ரிங் 305. பந்தோடு கை ரிங்கைத் தாண்ட இன்னும் 15. ஆக ஒரு மீட்டர் எழும்ப வேண்டும். கோடியில் ஒருவருக்கு முடியும். எழும்பும் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள், ஒரு தடவைக்கு 60 எழும்பலுக்கு மேல் வேண்டாம், நடுவில் 48 மணி நேரம் இடைவெளி. சிமென்ட்டில் தினமும் குதித்தால் முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி பிடித்துக்கொள்ளும். ‘நான் டங்க் போட்டேன்’ என்று யாராவது சொன்னால் முதலில் டேப் எடுத்துப் போய் அந்த ரிங்கை அளந்து பாருங்கள். பள்ளி மைதானங்களில் தொங்கித் தொங்கி இறங்கிப்போன ரிங் நிறைய.

பெண்களில் குட்டையானவர்கள் யாராவது சாதித்திருக்கிறார்களா? நான் 157 செ.மீ., ஷாட் தூரம் போகவில்லை.
– ஜெனிஃபர், ராயபுரம்

டெபி பிளாக், 160 செ.மீ., 2001-ல் பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். 2005-ல் சிறந்த புதுமுகமான டெமிகா ஜான்சனும் 160 தான். உங்கள் ஷாட் தூரம் போகாததற்கு உயரத்தைக் குற்றம் சொல்லும் முன் பந்தைப் பாருங்கள். பெண்களுக்கு 6-ஆம் நம்பர் பந்து. ஆண்களின் 7-ஐவிடச் சுற்றளவில் சுமார் 3 செ.மீ. சிறியது, எடையும் குறைவு. கோர்ட்டில் கிடப்பது 7 தான் என்று அதிலேயே பழகினால் முழங்கை வெளியே விரிந்து, தோளிலிருந்து எறியும் பழக்கம் வந்துவிடும். சொந்தமாக ஒரு 6 வாங்கிக்கொள்ளுங்கள்.

168 செ.மீ. கார்டுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா?
– எஸ்.பி., ஆவடி

சென்னையில் ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை என்று ஆடவர் அணி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. எல்லா அணிக்கும் கார்டு வேண்டும். ஆனால் ஒரு முறை ஆள் எடுத்தால் பல வருடம் அந்த இடம் காலியாகாது. அறிவிப்பு வந்ததும் எந்த இடத்து ஆட்டக்காரர் தேவை என்பதைப் பாருங்கள். சென்டர் கேட்டிருந்தால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மத்திய அரசு வேலைக்கு, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு படிவம் 4. பங்கேற்புச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தந்தப் படிவத்தில் உரிய அதிகாரி கையெழுத்திட வேண்டும். அதிகாரி மாறிவிட்டால் பழைய பதிவேட்டைத் தேட வைத்து அலைய விடுவார்கள். ஆடிய அதே ஆண்டில் வாங்கி, அட்டெஸ்ட் செய்த நகல் இரண்டு எடுத்து வையுங்கள்.